மெஷினுக்கு இடம் தேடிய தனம்

தனத்தின் மகன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தபோது நான் ஹவுரா ஸ்டேஷனில் ஒரு பிஸ்கட் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். “ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க” என்றான். சாதாரணக் காய்ச்சல், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போய்ப் படுத்திருந்தாள். நான் ஏற வேண்டிய லோக்கல் ரயில் வந்தது, போனது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் படகேறி வீடு திரும்பினேன். அழுகை வரவில்லை, அப்படியொரு அலுப்பு வந்தது.

உங்களில் பலருக்கு அவளை அலுவலகத்திலோ எங்கள் பேட்டை லேக் கார்டன்ஸ் காய்கறிக் கடையிலோ தெரிந்திருக்கும். ஓய்வு பெற்றபின் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வெண்டிங் மெஷின் வாங்கியது சிலருக்குத்தான் தெரியும். போனைக் காட்டிக் காசு கட்டி, பட்டனை அமுக்கினால் பிஸ்கட்டும் சிப்ஸும் தண்ணீரும் தள்ளும் பெட்டி. கொல்கத்தா வாடகை நமக்குத் தாங்காது என்று ஹவுராவுக்கு அப்பால் ஒரு சின்ன ஊரைப் பிடித்தோம். அவளுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. “இதுக்கு ஒரு இடம் கிடைக்கலேன்னா எனக்கு பெங்களூர்ல பையன் வீட்டுப் பின்ரூம்தான். கட்டில்கூட வாங்கிப் போட்டுட்டானாம்” என்பாள். சிரிக்காமல்தான் சொல்வாள்.

இடம் தேடுவது என்றால் என்ன என்று எங்களைக் கேளுங்கள். அந்த ஊரில் நாலு பேர் நிற்கும் இடத்திலெல்லாம் ஒரு டீக்கடை, ஒரு பெஞ்சு. கண்ணாடி ஜாடியிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்து, வீட்டு நலமும் விசாரிக்க ஆள் இருக்கும்போது பட்டனை எவன் அமுக்குவான்? பள்ளிக்கூடத்தில் சிப்ஸ் கூடாது என்றார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் எங்களுக்கு இலவசமாக டீ கொடுத்து, இங்கே மட்டும் வேண்டாம் மாஷிமா என்று சித்தி முறை வைத்துக் கும்பிட்டார். என் முழங்கால் போனதே அந்த ஊர்த் தெருக்களில்தான்.

பிறகு ஒரு வெயில் காலத்தில் தனம் அந்த மூலையைக் கண்டுபிடித்தாள். நாலு தெரு கூடுமிடம், இளைஞர் கிளப் வாசல், மர நிழல், ஒரு கடைகூட இல்லை. “பாத்தியா, ஊர்லயே நல்ல மூலை. ஒருத்தனுக்கும் கண்ணு தெரியல” என்றாள். கிளப் செயலாளரும் மின்சாரம் கொடுக்கச் சம்மதித்தார். மழைக்காலம் முழுக்க வியாபாரம் நன்றாகவே நடந்தது. மழை விட்டு ஒரு நாள் போய்ப் பார்த்தால் மெஷினைக் காணோம். அதைச் சுற்றிலும் மூங்கில் கட்டி, துணி போர்த்தியிருந்தார்கள். எங்கள் பிளக்கில் சீரியல் விளக்கு எரிந்தது.

ஒரு ஆயுசு முழுக்க கொல்கத்தாவில் துர்கா பூஜை பார்த்தவர்கள் நாங்கள். பாடாவில், அதாவது பேட்டையில், ஒரு நல்ல மூலை காலியாகக் கிடந்தால் அது யாருடைய பந்தலுக்காக என்று இங்கே பால்குடிக் குழந்தைக்குத் தெரியும். நாங்கள் போய்ச் சண்டை போட்டதற்குச் செயலாளர் கோபிக்கவில்லை. “மாஷிமா, மா துர்க்கா வருஷத்துக்கு ஒருதடவை அம்மா வீட்டுக்கு வர்றா. அவளுக்கு இடம் வேணாமா?” என்றார். தனம் துர்க்கையின் பாதி பூசிய மண் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “வருஷம் ஒருதடவை வர்றவளுக்கே இவ்வளவு இடம்” என்று மட்டும் சொன்னாள்.

நான் விட்டுவிடலாம் என்றேன். அவள்தான் அடுத்த வாரமே அதே ஊரில் ஒரு மாடிப்படியில் என்னை ஏற்றினாள். மேலே ரத்தப் பரிசோதனை லேப். வாசலில் ஒரு பெஞ்சு, பத்துப் பேர் நின்றால் மூச்சு முட்டும். “இங்கயா? உனக்கு மூளை குழம்பிடுச்சா?” என்றேன். “எல்லாரும் வெறும் வயித்தோட வருவாங்கடி. ரத்தம் எடுத்ததும் கண்ணு இருட்டும். படியிறங்கி டீக்கடை வரைக்கும் போக முடியாது” என்றாள். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, “தெரியும், விடு” என்றாள். மெஷின் அங்கே நின்றது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

காரியம் முடிந்த அன்று அவள் மகன், டாக்டர் சொன்னதை என்னிடம் சொன்னான். ரத்தத்தில்தான் நோயாம். ஒரு வருஷத்துக்கு மேலாகக் காளிகாட்டில் ஒரு லேபில் தனியாகப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டிருந்தாளாம். தெரிந்தால் அன்றைக்கே அவளைப் பெங்களூருக்கு மூட்டை கட்ட வைத்திருப்பான், அதனால் அவனுக்கும் சொல்லவில்லை. பிறகு, “மெஷினை வித்துடலாமா ஆன்ட்டி?” என்று கேட்டான். எனக்கும் முடியவில்லை. சரி என்றேன்.

லேப்காரரிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். உள்ளேயிருந்து ஒரு பெண் முழங்கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தாள். மற்ற கையால் போனைக் காட்டி, பட்டனை அமுக்கி, பெஞ்சில் சாய்ந்து, பிஸ்கட்டைக் கடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகம் தெளிந்தது. ஏண்டி தனம், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காளிகாட்டுக்குக் கூட வந்து உட்கார்ந்திருக்க மாட்டேனா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்போதுதான் அழுதேன்.

மெஷினை விற்கவில்லை. “உங்கம்மா பெங்களூர் வரமாட்டேன்னு பிடிச்ச இடம்பா அது, இருக்கட்டும்” என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த பெஞ்சுதான். பெட்டியை நிரப்பிவிட்டு அதில் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். யாராவது பஞ்சை அழுத்திக்கொண்டு தனியாக வந்தால், நகர்ந்து பக்கத்தில் இடம் விடுகிறேன்.