சத்தம் நின்ற பத்து நாள்

என் மகள் ரூபி பத்தாம் வகுப்புப் பரீட்சையில் அறிவியலில் தோற்றுப்போனாள். போன வருடம் மே மாதம். மற்ற நான்கு பாடத்திலும் தேறியிருந்தாள். இது ஒன்றுதான். ஆனால் அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. மூன்றாம் நாள் எழுந்து வந்து, "எனக்குப் படிப்பு ஏறாதுப்பா. மூளையே இல்ல. என்னைய விட்டுருங்க, மாமாகூட திருப்பூருக்குப் போறேன்" என்றாள்.

மாமா என்பது என் மனைவியின் தம்பி. பனியன் கம்பெனியில் இருக்கிறார். "ஜூலையில மறுபரீட்சை எழுதட்டும் மச்சான். தேறலைன்னா நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று போனில் சொன்னார். என் மனைவியும் சம்மதித்துவிட்டாள். வேலைக்குப் போவது கேவலம் இல்லை. ஆனால் பதினைந்து வயதில், எனக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொண்டே ஒரு பிள்ளை வீட்டைவிட்டுப் போவதை என்னால் தாங்க முடியவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். கட்டுமாவடிப் பக்கம் ஐஸ் கம்பெனியில் வேலை. ஐஸ் பாரை உடைத்து மீன் பெட்டிகளுக்கு அனுப்புவோம்.

இங்கே என் தப்பைச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் இருப்பது எனக்குப் புரியாது. அதனால் அவள் படிக்கிறாளா என்று தெரிந்துகொள்ள எனக்கு இருந்த ஒரே வழி சத்தம்தான். சத்தம் வந்தால் படிக்கிறாள். நின்றால் ஏமாற்றுகிறாள். வாசலில் இருந்தே, "என்ன, சத்தத்தைக் காணோம்?" என்பேன். உடனே குரலைக் கூட்டுவாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். மற்றப் பிள்ளைகளைவிட எங்கள் பிள்ளை சத்தம்தான் அதிகம் என்று மனதுக்குள் பெருமை வேறு. மறுபரீட்சைக்கும் அதையே செய்யச் சொன்னேன். காலையும் மாலையும் கத்திக் கத்திப் படித்தாள். முகத்தில் மட்டும் உயிர் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனேன். எல்லாரும் வாய்விட்டு ஜெபித்தார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. கடைசி வரிசையில் உட்கார்ந்து மனதுக்குள் சொன்னேன்: "ஆண்டவரே, எனக்குப் படிப்பு இல்லை. இவளுக்கு எப்படி உதவுவது என்று தெரியவில்லை. நீரே ஒரு ஆளை அனுப்பும்." ஆள் என்றால் டியூஷன் வாத்தியார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த திங்கள்கிழமை ரூபிக்குத் தொண்டை கட்டியது. புதன்கிழமை குரலே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "என்ன, எலெக்‌ஷன்ல பேசுனியா? பத்து நாளைக்கு வாயைத் திறக்கக் கூடாது" என்றார். எனக்கு அழுகை வந்தது. உதவி கேட்டேன், இருந்ததையும் எடுத்துக்கொண்டீரே என்று வீடு வரும்வரை ஆண்டவரிடம் முணுமுணுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் வீடு அமைதியாக இருந்தது. அவள் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். படிக்கிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதுவரை அப்படி உட்கார்ந்ததே இல்லை. "அதுல என்ன போட்டிருக்கு? புத்தகத்தை மூடிட்டு எழுதிக் காட்டு பாப்பா" என்றேன்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள். இதயத்தைப் பற்றிய பாடம். மூன்று வரி வந்தது. பேனா நின்றது. கண் கலங்கி என்னைப் பார்த்தாள்.

அந்தப் பாடத்தை அவள் எத்தனை நாள் கத்தியிருக்கிறாள்! நானே கேட்டிருக்கிறேன். உள்ளே இருந்தது மூன்று வரிதான். மற்றதெல்லாம் எனக்குப் பயந்து போட்ட சத்தம். "தப்பு எம்மேலதான் பாப்பா" என்றேன்.

அவள் புத்தகத்தைத் திறந்து அடுத்த வரியைத் தேடினாள். மூடினாள். எழுதினாள். நான் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ரத்தம் ஒரு பக்கமாத்தான் போகும்னு எழுதியிருக்க. திரும்பி வந்துறாதா?" என்று கேட்டேன். வால்வு இருக்கிறது என்று எழுதினாள். "எங்க கம்பெனி மோட்டார்ல தண்ணி திரும்பாமப் புடிச்சு வைக்குமே, அந்த வால்வு மாதிரியா?" என்றேன். கொஞ்சம் யோசித்தாள். பிறகு தாளில் ஒரு மோட்டார் படம் போட்டு, பக்கத்தில் இதயம் என்று எழுதிச் சிரித்தாள். ரிசல்ட் வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு ஆளை அனுப்பும் என்று கேட்டேன். ஒன்றும் தெரியாத என்னையே ஆண்டவர் அனுப்பியிருக்கிறார்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் உட்கார்ந்தோம். போனை அந்த நேரம் அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். படிப்பாள், மூடுவாள், எழுதுவாள். எங்கே நின்றதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. மறுநாள் அந்தக் கோட்டிலிருந்துதான் ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, அந்த வாரத்துக் கோடுகளை மறுபடி பார்ப்போம். மூளை இல்லை என்று அவள் எழுதிக் காட்டினால், "அதை யாரு கேட்டா? எந்த இடத்துல நிக்குது, அதை மட்டும் சொல்லு" என்பேன். குரல் வந்த பிறகும் கத்தவில்லை. எனக்குக் கதை சொல்வதுபோலச் சொன்னாள்.

"என்னங்க, பரீட்சை எழுதப் போறது அவளா, நீங்களா?" என்றாள் என் மனைவி. கம்பெனியில், "பத்தாவது சேந்துட்டீங்களாமேண்ணே, யூனிபாரம் தச்சாச்சா?" என்று கேட்டார்கள்.

எல்லாம் நேராகப் போகவில்லை. மின்சாரப் பாடத்தில் நாலு நாளாக ஒரே இடத்தில் கோடு. ரூபி தாளைக் கிழித்துப் போட்டு, "மாமாவுக்குப் போன் போடுங்கப்பா" என்றாள். நான் அங்கேயே கண்ணை மூடி ஜெபித்தேன். பிறகு, "டீச்சர்கிட்ட கேப்போம்" என்றேன்.

"திட்டுவாங்கப்பா. நான் மாட்டேன்."

"நானும் வாரேன்."

சொல்லிவிட்டேனே தவிர, பள்ளிக்கூட வாசலில் ரூபியை முன்னால் விட்டுப் பின்னால் போனேன். டீச்சர் முன்னால் போய், ஒட்டுப்போட்ட காலண்டர் தாளை நீட்டி, "இந்தக் கோட்டுல நிக்குதுங்க டீச்சர்" என்றேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவும் பாக்காம எழுதுனியா? அப்ப இதை ஏன் முன்னாடியே கேக்கல? உக்காரு" என்றார். அரை மணி நேரத்தில் ரூபி அந்தக் கோட்டைத் தாண்டினாள்.

ஜூலையில் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தவள், "ஒரு கேள்வி வரலப்பா. அழுகல. விட்டுட்டு அடுத்ததுக்குப் போனேன், கடைசியில அதுவும் வந்துருச்சு" என்றாள். அப்போதே என் பாரம் இறங்கிவிட்டது. ரிசல்ட் வந்தது. பெரிய மார்க் இல்லை. ஆனால் தேறிவிட்டாள். மச்சான் போன் போட்டு, "அப்ப நான் வர வேணாமா?" என்றார். "வாங்க. மீன் கொழம்பு சாப்ட்டுட்டு, தனியாத் திரும்பிப் போங்க" என்றேன்.

இப்போது ரூபி பிளஸ் ஒன் படிக்கிறாள். நானும் மாறியிருக்கிறேன். முன்பெல்லாம் ஜெபம் முடிந்ததும் என் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவேன். இப்போது, நான் என்ன செய்ய வேண்டும் ஆண்டவரே என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் மனம் உடைந்த பிள்ளை இருக்கலாம். ஜெபியுங்கள். பிறகு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். எனக்குத் தெரியாது, நீ சொல்லு என்று கேளுங்கள். படிக்காதவர்கள் என்று வெட்கப்பட வேண்டாம். ஆண்டவர் நம்மையும் உபயோகப்படுத்துவார்.

இந்த வாரம் வேதியியல். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் பாதிதான் புரிந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் பயப்படவில்லை. அவருக்கே நன்றி.