சாடிக்குள் நூறு முட்டை

மகள் வீட்டுக்குப் போனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். சும்மா இருக்க முடியாமல், உதவி செய்கிறேன் என்று குசினிக்குள் நுழைந்துவிடுவேன். போன கிழமை யாரோ ஊர்க்கோழி முட்டை கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். எச்சமும் ஒட்டிய இறகுமாக இருந்தன. குழாயைத் திறந்து சவர்க்காரத்தைக் கையில் எடுத்தேனோ இல்லையோ, மகள் பாய்ந்து வந்தாள்.

"அப்பா, கழுவாதேங்கோ! கழுவி வைச்சா கெதியாப் பழுதாப் போகும். கோதில ஒரு மெல்லிய படை இருக்கு. அதுதான் முட்டைக்குக் காவல்."

"ஆர் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும் அப்பா."

எல்லாருக்கும் என்றால் என்னைத் தவிர எல்லாருக்கும். குழாயை மூடிவிட்டுப் போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். கையில் சவர்க்கார மணம். பூமணி அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. எனக்குப் பாடம் எடுத்த இதே மகள், நான் சொல்லப்போகும் நாட்களில் தாயின் வயிற்றுக்குள் இருந்தாள்.

சண்டைக் காலம். திருகோணமலையில் உட்துறைமுக வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையொன்றில், பூமணி அக்கா வீட்டின் பாதியில் நானும் மனைவி வசந்தாவும் வாடகைக்கு இருந்தோம். நான் அரசாங்கக் கந்தோரொன்றில் எழுதுவினைஞர். அக்கா தனிக்கட்டை, ஐம்பதைத் தாண்டியவர். நித்திரையிலும் கோயிலிலும் தவிர அவர் வாயில் வெற்றிலை இல்லாமல் நான் கண்டதில்லை.

வசந்தாவைப் பார்க்க வந்த மருத்துவமாது அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். "இரத்தம் காணாது. பிள்ளை பிறக்குமட்டும், பிறந்த பிறகும், நாளுக்கொரு முட்டை குடுங்கோ. இல்லாட்டி தாய்க்கும் ஏலாது, பிள்ளைக்கும் ஏலாது." ஏதோ நான்தான் அந்த இரத்தத்தைக் குடித்தவன் போல இருந்தது அவர் பார்வை.

முட்டைக்கு எங்கே போவது? வசந்தாவின் தாய் வீடு தம்பலகாமத்தில். கோழிக்குப் பஞ்சமில்லை, பாதைதான் இல்லை. ஒரு கிழமை திறப்பார்கள், ஒரு மாதம் மூடுவார்கள். அப்படித் திறந்த ஒரு கிழமையில் மாமி உழவு இயந்திரமொன்றில் நூறு முட்டையை உமிக்குள் புதைத்து அனுப்பிவைத்தார். ஒன்றுகூட உடையவில்லை. மறுநாளே பாதை மூடப்பட்டது.

நூறு முட்டையை எப்படி வைத்திருப்பது? எங்களிடம் குளிர்சாதனப் பெட்டி இல்லை. வைத்திருந்தவர்களும் அதற்குள் பிள்ளைகளின் கொப்பி புத்தகங்களைத்தான் அடுக்கியிருந்தார்கள். மின்சாரம் வந்தால்தானே? அப்போதுதான் கந்தோரின் பழைய கடதாசிக் கட்டொன்றில் ஒரு விவசாயத் துண்டுப்பிரசுரம் அகப்பட்டது. சுண்ணாம்பு நீரில் இட்டால் முட்டை மாதக்கணக்கில் கெடாது என்று அச்சிலேயே போட்டிருந்தது. மேல் மூலையைக் கரையான் தின்றிருந்தது. முட்டையைக் கழுவக் கூடாது என்ற வரி அந்த மூலையில்தான் இருந்திருக்க வேண்டும். மிச்சம் போதும் என்று நினைத்தேன். எனக்கு எந்த விஷயத்திலும் மிச்சம் போதும்.

அன்றைக்கு நான் செய்த ஆர்ப்பாட்டத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கிணற்றடியில் உட்கார்ந்து, துணி தோய்க்கும் சவர்க்காரம் போட்டு, ஒவ்வொரு முட்டையாகத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நூறும் பளிங்கு மாதிரி மின்னின.

"பிறக்கப்போற பிள்ளையையும் இப்பிடித்தான் தேய்ப்பீங்களோ?" என்று வசந்தா கேட்டாள்.

"சுத்தம் முக்கியம்" என்றேன்.

கோயிலுக்கு வெள்ளையடிப்பவரிடம் கெஞ்சி வாங்கிய சுண்ணாம்பை வாளியில் நீற்றியபோது அது சீறிய சீற்றத்தில் அடுத்த வீட்டார் குண்டு என்று நினைத்து ஓடினார்கள். ஆறவைத்து, உப்புக் கலந்து, ஊறுகாய்ச் சாடியில் ஊற்றி, முட்டைகளைக் கூர்முனை கீழே பார்க்க அடுக்கினேன். கைத்தோல் இரண்டு நாள் உரிந்தது. கந்தோரில் அதைப் போர்க்காயம் போலக் காட்டித் திரிந்தேன்.

ஒரு மாதத்துக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எடுத்த முட்டைகளில் ஒன்றிரண்டு மணத்தபோது, வெயில் கூட என்று சமாளித்தேன். அந்த நாட்களில் கடைகளில் வெற்றிலைச் சுண்ணாம்பும் இல்லாமல் போயிற்று. ஒழுங்கை முழுக்க வெற்றிலை போடுகிறவர்களின் வாய் வெளுத்துக் கிடக்க, பூமணி அக்காவின் வாய் மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. அது எப்படி என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

பிறகு ஒரு காலை சுற்றிவளைப்பு. வீடு வீடாகச் சோதனை. எங்கள் குசினிக்குள் வந்த ஒரு இளம் ஆமிக்காரன் சாடியைக் கண்டு துவக்கை நிமிர்த்தினான். வெள்ளைத் தண்ணீருக்குள் உருண்டை உருண்டையாக ஏதோ. எனக்குச் சிங்களம் வராது. அக்காதான் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "பித்தர, பித்தர" என்று முட்டையைச் சொல்லிக் காப்பாற்றினார். அவன் கையை விட்டு ஒன்றை எடுத்தான். காதருகே பிடித்து ஆட்டினான். இன்னொன்றை ஆட்டினான். என்னைப் பரிதாபமாகப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்திக் காட்டிச் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

"என்னவாம் அக்கா?"

"எல்லாம் கூழ்முட்டையாம் தம்பி."

"ஆமிக்காரனுக்கு முட்டையைப் பற்றி என்ன தெரியும்?" என்று சொல்லி ஒன்றை உடைத்தேன். அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நாற்றம் ஒழுங்கை முனைவரை போயிற்று. மிச்சமிருந்ததில் ஐந்து மட்டும் தேறியது. வசந்தாவுக்கு அது எட்டாம் மாதம்.

சாடியைக் கவிழ்த்தபோது அடியில் உறைந்திருந்த சுண்ணாம்பில் கரண்டிக்காம்பால் தோண்டிய தடங்கள். நான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஒரு சொட்டுத்தான் தம்பி எடுத்தனான். அதால இப்பிடி வருமெண்டு தெரியாது."

"நீங்கள் சப்பித் துப்பினது வெத்திலையை இல்லை. என்ர பிள்ளையின்ர சாப்பாட்டை!" என்று கத்தினேன். அக்கா தன் பாதி வீட்டுக்குள் போனார். "அக்காவோட இப்பிடிக் கதைக்கிறதோ?" என்று வசந்தா அழுதாள். நான் துண்டுப்பிரசுரத்தை எடுத்து, என் பக்கத்தில் பிழையே இல்லை என்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

மறுநாள் விடிய அக்காவைக் காணவில்லை. கிண்ணியாவில் அவருக்குச் சுலைகா என்றொரு கூட்டாளி இருந்தது தெரியும். ஆனால் அங்கே போவதென்றால் சீனன்குடாப் பக்கத்துச் சோதனைச் சாவடிகள் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். பாலம் அப்போது இல்லை. 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் கடலைக் கடக்க வேண்டும். போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்த காலமும் அல்ல அது. அன்றைக்குக் கந்தோரில் நான் ஒரு கடிதத்தையே மூன்று தரம் எழுதினேன். பயந்துபோயிருந்தேன்.

ஊரடங்குக்குச் சற்று முன் அக்கா வந்து சேர்ந்தார். ஒரு கையில் உமி நிரப்பிய ஓலைப்பை, அதற்குள் முட்டை. மறு கக்கத்தில், கால் கட்டப்பட்ட ஒரு சிவப்புப் பேட்டுக்கோழி.

"சுலைகா தந்தவ. இனி முட்டையைக் கோழிக்குள்ளயே வைச்சிருப்பம் தம்பி. இதுக்குச் சுண்ணாம்பு தேவையில்லை."

கோழி எங்கள் குளியலறையில் குடியேறியது. நாளுக்கொரு முட்டை. இடைக்கிடை அரசாங்க உத்தியோகத்தர் போல லீவும் எடுக்கும். மகள் கொழுகொழு என்று பிறந்தாள். பத்தியத்துக்கு நல்லெண்ணெயில் மிளகு தூவி முட்டை பொரித்துக் கொடுத்ததும் அக்காதான். அந்த நாளுக்குப் பிறகு அவர் சுண்ணாம்பைத் தொடவில்லை. கடைக்குச் சுண்ணாம்பு திரும்ப வந்த பிறகும், வெறும் வெற்றிலையையும் பாக்கையும்தான் மென்றார். அந்த வாய் பிறகு சிவக்கவேயில்லை.

இப்போது கிண்ணியாவுக்குப் பாலம் வந்துவிட்டது. பாதையில் நின்று உப்புக்காற்று வாங்கிய கதையைச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். அக்காவின் வீடு இருந்த இடத்தில் வெள்ளைக்காரர் வந்து தங்கும் விடுதி. அக்கா, மகளுக்கு ஏழு மாதமானபோது உறவினரோடு வள்ளமேறி இந்தியாவுக்குப் போனவர். கடிதம் இல்லை. அங்கே முகாம்களில் இருந்து திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேரிடம் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

புறப்பட்ட அன்று மகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, அந்த முட்டை விசயத்தை மனசில வைச்சிருக்காதேங்கோ. என்ர வாயாலதான் எல்லாம் கெட்டது."

நான் பெரிய மனிதன் மாதிரித் தலையை ஆட்டினேன். "அதை விடுங்கோ அக்கா. நான் உங்களை எப்பவோ மன்னிச்சிட்டன்" என்றேன்.

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "அது போதும் தம்பி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.