கீர்த்திகாவுக்குப் போடாத ஊசி

பண்டத்தரிப்பில் எங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவிச்சி உதயகலாவை எல்லோரும் வாய்க்காரி என்றுதான் சொல்லுவார்கள். சொல்லட்டும். பத்தொன்பது வருடமாக வெயில் மழை பாராமல் வீடு வீடாக ஏறி இறங்குகிறவளுக்கு வாயும் இல்லாவிட்டால், இந்தச் சனத்தோடு என்னதான் செய்வது?

நான் படிப்பிக்கிற ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி போட்ட அன்று கீர்த்திகா வரவில்லை. காய்ச்சல் என்று தாய் பராசக்தி கடிதம் கொடுத்துவிட்டிருந்தாள். காய்ச்சலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பிள்ளை சாமத்தியப்பட்டு, அதுதான் பெரியபிள்ளையாகி, அறைக்குள் இருந்தாள். சரி, தண்ணீர் வார்த்துத் தீட்டுக் கழித்த பிறகாவது கிளினிக்குக்குக் கூட்டிவரச் சொல்லி உதயகலா நாள் குறித்துக் கொடுத்தாள். அன்றைக்கும் வரவில்லை. ஏன் தெரியுமா? சாமத்திய வீட்டுப் பட அல்பத்துக்காகப் பிள்ளையைச் சோடித்துக் கடற்கரையில் நிறுத்தி, மேலே ட்ரோன் விட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த கிளினிக் நாளன்று நானும் அரைநாள் லீவு போட்டுவிட்டு உதயகலாவோடு போனேன். பராசக்தி படலையைக்கூட முழுதாகத் திறக்காமல் உதயகலாவிடம் சொன்னாள்.

"பெரிசான பிள்ளை, மிஸி. கர்ப்பப்பைக்கு ஊசி போட்டதெண்டு வெளியிலை தெரிஞ்சா நாளைக்கு ஆர் கலியாணம் செய்வினம்? பிறகு பிள்ளை தங்காதெண்டும் கதைக்கினம்."

"கதைக்கிறவை ஆர்? டொக்டர்மாரே?" உதயகலா படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "உதாலை பிள்ளை தங்காமல் போகாது. உங்கடை அக்கா இராசாத்தி என்னத்திலை செத்தவா?"

"வயித்துக் கட்டி."

"ஊருக்குச் சொன்ன பொய்யை எனக்குச் சொல்லாதேங்கோ! அவவுக்கு வந்தது இந்த ஊசி தடுக்கிற அதே புற்றுநோய்தான். கடைசி மாதம் இரத்தத் துணி மாத்தினது நீங்களும் நானும்தானே?"

பராசக்தி வாசற்படியில் குந்திவிட்டாள். பிறகு கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"அப்ப அக்காவுக்கு ஏன் உந்த ஊசியைப் போடேல்லை? ஏன் ஒருத்தரும் போடேல்லை?"

"அவ சின்னப்பிள்ளையா இருக்கேக்கை இந்த ஊசி இங்கை இல்லை, பராசக்தி." உதயகலா அவளுக்குப் பக்கத்தில் குந்தினாள். "இப்ப இருக்கு. பன்ரண்டு மணிவரைக்கும் கிளினிக்."

பராசக்தி கண்ணைத் துடைக்கவில்லை. அழுதபடியே வீட்டுக்குள் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"கீர்த்திகா, சட்டையை மாத்தடி! ஊசி போடக் கை கட்டையானதாப் பார்த்துப் போடு!"