தோளில் ஒரு தட்டு

என் கணவன் ஓரெஸ்ட் சண்டைக்காரன் அல்ல. பனி ஹாக்கியில் சண்டை போடுவதற்காகச் சம்பளம் வாங்குகிறவன், அவ்வளவுதான். சஸ்காட்செவன் மாகாணத்துக் கோதுமைக் காட்டில் வளர்கிற வயதில் கோலாக அடித்துத் தள்ளியவனாம். பதினெட்டு வயதில் ஒரு பயிற்சியாளர், "கோல் போட ஆயிரம் பேர் இருக்கான். உன்ன மாதிரி முஷ்டி எவனுக்குடா இருக்கு?" என்றார். அன்றோடு விளையாட்டு முடிந்தது, பிழைப்பு ஆரம்பித்தது.

இப்போதைய வேலை, அதே அணியில் ஆடும் எமிலைக் காப்பது. எமில் ஊதினால் விழுகிற ஆள். ஆனால் மட்டையைத் தொட்டால் பனியில் வழுக்கி ஓடும் வட்டு சொன்னபடி கேட்கும். அவனை எவனாவது இடித்தால் ஓரெஸ்ட் போய் வெளுக்க வேண்டும். இந்த அணியின் பயிற்சியாளர் பெல்கி "போய் அடி" என்று வாயால் சொன்னதே இல்லை. ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால் நின்று தோளில் ஒரு தட்டு தட்டுவார். பெரிய மனிதர், கையில் கறை படக் கூடாதே!

போட்டி நாள் காலையில் ஓரெஸ்ட் பயத்தில் வாந்தி எடுப்பான். அவ்வளவு பெரிய உடம்பு குளியலறைத் தரையில் உட்கார்ந்து நடுங்கும். இந்தக் குளிர்காலத்தில் அவனுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. "இன்னொரு குத்து விழுந்தா கண்ணு போயிடும்" என்றார் டாக்டர். அணிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். எமிலிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

அன்றைக்கு எதிரணியில் பௌடன் இருந்தான், மலை மாதிரி. மனைவிமார் வரிசையில் எமிலின் மனைவி சொலாஞ்ச் என்னை இடித்தாள்.

"என்னடி, ஆட்டத்தப் பாக்காம பெல்கி கையையே பாக்குற? கெழவன சைட் அடிக்கிறியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கை எப்போது ஓரெஸ்டின் தோளுக்குப் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் பௌடன் எமிலை ஓரத்துப் பலகைச் சுவரோடு சேர்த்து நசுக்கினான். நடுவர் விசில் ஊதினார். அரங்கமே எழுந்து "வாசிலிக்! வாசிலிக்!" என்று எங்கள் குடும்பப் பெயரைக் கத்தியது. பெல்கியின் கை உயர்ந்தது. கடவுளே, வேண்டாம்.

அதற்குள் எமில் எழுந்து, கையுறைகளை உதறி, பௌடன் முகத்திலேயே ஒரு குத்து விட்டான். பௌடனே திகைத்துப்போனான். பிறகு இரண்டே அடி. எமில் சுருண்டு கிடந்தான்.

பெல்கி ஓரெஸ்டின் தோளில் தட்டினார். ஓரெஸ்ட் எழவில்லை. மறுபடி தட்டினார். எழவே இல்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் பிறகுதான் வந்தது.

ஆட்டம் முடிந்து நடைகூடத்தில் பெல்கி, "நாளைக்கு வராத வாசிலிக்" என்று சொல்லிவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் போனார்.

"காலு எந்திரிக்கல டார்லா" என்றான் ஓரெஸ்ட் என்னிடம். "பயம்."

எமில் ஒரு கையில் கட்டோடு வந்தான். கட்டைவிரலை உள்ளே மடக்கிக் குத்தியிருக்கிறான், முறிந்துவிட்டது. வாழ்நாளில் யாரையும் அடிக்காதவன் அப்படித்தான் குத்துவான்.

"எனக்காக ஏன்டா போன?" என்றான் ஓரெஸ்ட்.

"பெல்கி கை உன் மேல விழுந்துடுமோன்னு போனேன். அத விடு. இனி நீ இருக்க மாட்ட. அடுத்த தடவ கட்டைவிரல எங்க வச்சுக்கணும்? சொல்லு."

ஓரெஸ்ட் அவனுடைய நல்ல கையை எடுத்து, விரல்களை மடக்கி, கட்டைவிரலை வெளியே வைத்துக் காட்டினான். எமில் அந்த முஷ்டியை இறுக்கிப் பார்த்தான்.

சொலாஞ்ச் என் முழங்கையைப் பிடித்தாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

"நீ எப்படிடி இத்தன வருசம் உக்காந்து பாத்த?" என்றாள்.