மேலே பார்க்காத ஆட்டக்காரி

எதையும் ஏன், எப்படி என்று குடையாமல் எனக்குத் தூக்கம் வராது. அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன், சில நேரம் விடையும் கிடைத்திருக்கிறது. பெட்மின்டன் ஆடியே சம்பளம் வாங்கிய பத்து வருஷத்தில் என்னை அதிகம் குடைந்த கேள்வி ஒன்றுதான்: பந்து உயரே போனால் நான் ஏன் நிமிர்ந்து பார்ப்பதில்லை?

தொண்ணூறுகளில், இலங்கை மலைநாட்டில் கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மூடிக்கிடந்த பழைய பெக்டரியின் மாடியில்தான் நான் ஆடக் கற்றுக்கொண்டேன். முன்பு கொழுந்தைப் பரப்பி வாட்டிய மாடி அது. வெளியே காற்றும் மழையும் மாறி மாறி அடிக்கும். இறகுப்பந்தைத் தட்டினால் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கித்தான் தேட வேண்டும். மாடியில் அந்தத் தொல்லை இல்லை. கொழுந்து பரப்பிய சாக்குத் துணியை நடுவில் இழுத்துக் கட்டினோம், வலை ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட மட்டைகளுக்கு நாங்களே நரம்பு கட்டினோம். சட்டமும் நாங்கள் போட்டதுதான். கூரை உத்தரத்தில் பந்து பட்டால் அடித்தவளுக்குப் புள்ளி போச்சு. அவ்வளவுதான், வேறு சட்டம் கிடையாது.

என் பந்து வலைக்கு ஒரு சாண் மேலே பறக்கும், அதற்கு மேல் போகாது. மாவட்டப் போட்டிகளில் எதிரே நின்ற பெண்கள் இப்படித் தாழ்வாக, விரட்டி விரட்டி வரும் பந்தைப் பார்த்ததே இல்லை. ஒவ்வொருத்தியாகத் தோற்றார்கள். இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி, கொழும்பில் ஒரு கம்பெனி தன் அணிக்கு ஆடுவதற்கென்றே என்னை வேலைக்கு எடுத்தது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவுக்கு வந்து விசாரித்தவர்களுக்கு, நான் கொழும்பில் என்ன வேலை செய்கிறேன் என்று விளக்க அம்மா ரொம்பச் சிரமப்பட்டாள்.

கொழும்பு அரங்கின் கூரை எங்கள் பெக்டரியையே தூக்கி உள்ளே வைக்கலாம் என்கிற உயரம். அங்கேதான் என் குட்டு உடைந்தது. விஷயம் தெரிந்தவள் பந்தை உயரே தூக்கிவிடுவாள். அது கீழே வரும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கடைசி நொடியில் இடுப்பளவில் எடுத்துத் தட்டுவேன், அது வலையில் போய் விழும். "உட பலன்ன! உட பலன்ன!" என்று பயிற்சியாளர் அம்மையார் சிங்களத்தில் கத்துவார். மேலே பார், மேலே பார் என்று. காது கேட்டது, கழுத்து கேட்கவில்லை.

ஒரு லீவுக்குப் போனபோது அந்த மாடிக்கு ஏறி உயரத்தை அளந்தேன். என் மட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நான்கே மட்டை. காரணம் தெரிந்துவிட்டது. காரணம் தெரிந்தால் கோளாறு தீரும் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான், அது தீரவில்லை. எனவே என்னை இரட்டையர் ஆட்டத்தில் வலையோரம் நிறுத்தினார்கள். உயரே போவதெல்லாம் பின்னால் நிற்பவள் பாடு. கப்புகள் வந்தன, பெயரும் வந்தது. ஆனால் எனக்குத் தனியாக ஆட வேண்டும் என்ற ஆசை விடவில்லை. முப்பதை நெருங்கிய வருஷம், வெளிநாடு போகும் அணிக்கு ஒற்றையர் தேர்வு வைத்தார்கள். ஓரிடம்தான் பாக்கி, கடைசிப் போட்டிக்கு வந்தவர்கள் இருவர். அதில் ஒருத்தி நான். இதை விட்டால் எனக்கு இன்னொரு தேர்வு இல்லை.

அதைப் பார்க்க அம்மா முதல் தடவையாகக் கொழும்புக்கு வந்தாள். குடையும் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது. பந்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னா செறகு?"

"வாத்து. பதினாறு செறகு. எல்லாம் ஒரே பக்கத்து றெக்கையில எடுக்கணும்மா."

"அப்ப மத்த பக்கத்து செறகெல்லாம் என்னா ஆவுது?"

எனக்கு அது தெரியாது, அதுவரை கேட்கவும் தோன்றியதில்லை. முன்வரிசையில் உட்கார் என்றதற்கு, "அதெல்லாம் தொரைமாருங்க ஒக்கார்ற எடம்" என்று சொல்லிவிட்டு, யாருமே இல்லாத கடைசி மேல்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கே துரை என்று எவரும் இல்லை, நாற்காலிகள்தான் காலியாகக் கிடந்தன.

முதல் ஆட்டம் எனக்கு. இரண்டாவதில் எதிராளி சுதாரித்துக்கொண்டு எல்லாவற்றையும் உயரே தூக்கினாள். புள்ளிகளை வாரிக் கொடுத்தேன். மூன்றாவதுக்கு முன் சின்ன இடைவேளை. பயிற்சியாளர் கூப்பிடக் கூப்பிட, நான் படியேறி அம்மாவிடம் போனேன்.

"ஏம்மா, மேல இவ்ளோ எடம் சும்மா கெடக்கே. நீ ஏன் கீழயே ஆடுற?" என்று கேட்டாள்.

"ஒனக்கு என்னா தெரியும்? சும்மா இரும்மா" என்று எரிந்து விழுந்தேன். இறங்கி வரும்போது வெட்கமாக இருந்தது. கூடவே பழைய குடைச்சலும் தொடங்கிவிட்டது. இத்தனை வருஷமும் மேலிருந்து வரும் பந்துக்குப் பயந்தேனே தவிர, நானே அதை மேலே அனுப்பினால் என்ன ஆகும் என்று ஒரு நாளாவது பார்த்தேனா?

முதல் பந்தையே கூரை விளக்குகள் வரை தூக்கினேன். தாழ்வான பந்துக்குக் குனிந்து நின்ற எதிராளி திகைத்துப் போனாள். பந்து திரும்பி எங்கே வருகிறது என்று பார்க்கிற ஆவலில் என் கழுத்து தானாக நிமிர்ந்தது. வெளிச்சம் கண்ணில் குத்தியது, சிலவற்றைக் கோட்டை விட்டேன். ஆனாலும் பயம் போய்விட்டது, ஆட ஆடச் சிரிப்பு வந்தது. கடைசியில் கால் சொன்னபடி கேட்கவில்லை. இரண்டு புள்ளியில் தோற்றேன். அந்த இடம் அவளுக்குப் போனது.

மறுநாள் காலை ரயிலில் அம்மாவோடு ஊருக்குப் புறப்பட்டேன். றொசல்ல ஸ்டேஷனைத் தாண்டும்போது அம்மா கேட்டாள்.

"தோத்துட்டியா?"

"ஆமா. இனிமே கூப்புட மாட்டாங்க."

"எனக்கு அந்தக் கணக்கெல்லாம் வெளங்கல" என்றாள். "மொத ரெண்டு ஆட்டத்துலயும் ஒன் உச்சந்தலதான் தெரிஞ்சிச்சு. யாரு எம்புள்ளன்னு தேடிக்கிட்டு இருந்தேன். மூணாவதுலதான் மொகம் தெரிஞ்சிச்சு."