இன்டர்வெல்லுக்குப் பிறகு நின்றுபோகும் படங்கள்

ரொட்டிக் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இன்டர்வெல்" என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். விடிவதற்கு முன்பே வேனை எடுத்துக்கொண்டு கடை கடையாக ரொட்டி போடுகிற வேலை. சாயங்காலம் மனைவியோடு படம் பார்க்க உட்கார்ந்தால் பாதியிலேயே தலை தொங்கிவிடும். சண்டைக் காட்சியில்கூடக் குறட்டை விட்ட மகானுபாவர். சக டிரைவர் ஒருவர் கிண்டலாக வைத்த பெயர், பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது.

மீதிப் படத்தை மறுநாள் மதியம், அவர் சாப்பிட உட்காரும்போது மனைவி சொல்வாள். வெறுமனே சொல்ல மாட்டாள். கரண்டியும் கையுமாக நின்று வில்லன் மாதிரி கண்ணை உருட்டுவாள், கதாநாயகிக்காக மூக்கை உறிஞ்சுவாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அதுதான் கலகலப்பு.

போன வருஷம் சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவே இல்லை.

அதற்கப்புறம் கம்பெனியில் இரக்கப்பட்டு அவரைக் குடோனில் உட்கார்ந்து பார்க்கிற பகல் வேலைக்கு மாற்றினார்கள். இப்போது சாயங்காலம் முழுசாகக் கையில் இருந்தது. பூட்டைத் திறந்து உள்ளே வந்தால் காலையில் கழற்றிப் போட்ட சட்டை போட்ட இடத்திலேயே கிடக்கும். இத்தனை வருஷமாக அதை எடுத்து மடித்தது யார் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பேச ஆளில்லாமல் டிவியைப் போடுவார். அதிலும் யாரோ யாரிடமோ கத்திக்கொண்டிருப்பார்கள்.

சரி, நம் படங்களையாவது முழுசாகப் பார்ப்போம் என்று அலமாரியிலிருந்த டிவிடிகளை எடுத்தார். எல்லாம் அவரே கம்ப்யூட்டரில் காப்பி எடுத்தவை. அப்போது கூடவே இருந்த மனைவியின் தங்கை, கடையில் வாங்கிய டிவிடிகளைத் தரையில் போட்டுத் தேய்த்துக் கீறலாக்கிக்கொண்டிருந்தாள். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காப்பி. காகிதத்தை வட்டமாக வெட்டி, டிவிடியின் மேல்பக்கம் பசை தடவி ஒட்டி, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் படத்தின் பெயரை எழுதுவது மனைவியின் இலாகா. தங்கைக்குக் கல்யாணமானபோது ஒரிஜினல் எல்லாவற்றையும் அவளுக்கே கொடுத்துவிட்டார்கள்.

படம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. இன்டர்வெல் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. குரல் திக்கியது. கதாநாயகன் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டான். அடுத்த டிவிடியும் அப்படியே. அதற்கடுத்ததும். பிளேயர்தான் வம்பு செய்கிறது என்று புதுசு வாங்கினார். அதுவும் அதே கதை. விழித்திருக்கிற மனுஷனுக்கும் இன்டர்வெல் வரைதான் படி அளப்பேன் என்றது.

மச்சினிக்குப் போன் போட்டு ஒரிஜினல் இருக்கிறதா என்று கேட்டார். "அதெல்லாம் எப்பவோ பழைய சாமான்காரன்கிட்ட போயிடுச்சு மாமா" என்றாள்.

டிவி ரிப்பேர் கடைக்காரர் ஒன்றை வாங்கிக் கண்ணுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார். "பேப்பர் காய்ஞ்சு இழுக்குதுண்ணே. பிளேயர் சூட்டுல தட்டு லேசா வளையுது. படம் நடுவுலேருந்து ஆரம்பிச்சு ஓரத்துல முடியும். ஓரம் ஆடுச்சுன்னா முடிவு போச்சு. இதுல போய் பேப்பர் ஒட்டினவங்களை நிக்க வச்சுக் கேக்கணும்."

"கேக்கலாம்னுதான் எனக்கும் ஆசை" என்றார் இவர்.

கடைக்காரருக்குப் புரியவில்லை. "படத்தைப் போன்லயே பாத்துடலாமேண்ணே" என்றார்.

"வேணாம்பா. எங்க வீட்டுப் படத்தைத்தான் பாக்கணும்."

"அப்ப வெதுவெதுன்னு தண்ணியில ஊற வச்சு பேப்பரை எடுங்க."

சொல்வது சுலபம். அவள் கையெழுத்து என்று வீட்டில் மிச்சமிருந்தது அந்தச் சிவப்பு எழுத்துகள்தான். அதைக் கரைத்தால் முடிவு கிடைக்கும். முடிவு வேண்டாமென்றால் எழுத்து இருக்கும். சில நாள் அலமாரியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒன்றை மட்டும் எடுத்து வெந்நீர் ஊற்றிய பேசினில் போட்டார். பேப்பர் வருவதற்கு முன்பே எழுத்து கிளம்பிவிட்டது. தண்ணீர் லேசாகச் சிவந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு அழுகை முட்டியது.

படம் ஓடியது. திக்கவில்லை, திணறவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மா, மகன் ஓடி வருவதற்குள் செத்துப்போனாள்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருக்கு நன்றாக ஞாபகமிருந்த படம். அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்து, வந்த அன்றைக்கே மருமகளோடு சண்டைக்கு நின்றாள் என்றல்லவா மனைவி சொன்னாள்? சண்டையை நடித்தே காட்டினாளே! தள்ளித் தள்ளிப் பின்னால் போய் மறுபடி பார்த்தார். அம்மா மறுபடியும் செத்தாள்.

உடனே மச்சினியைப் போனில் கூப்பிட்டு, அந்தப் படத்தில் அம்மா என்ன ஆவாள் என்று கேட்டார்.

"செத்துத்தான் போவா மாமா. நானும் அக்காவும் சேர்ந்துதானே பாத்தோம், அப்படி அழுதோம்" என்றாள் அவள். பிறகு சிரித்தாள். "உங்ககிட்ட மாத்திச் சொல்லியிருப்பா. சோகமா ஏதாவது கேட்டா நீங்க தட்டைத் தள்ளி வச்சுட்டு எழுந்துடுவீங்களாம். எந்தப் படத்துலயும் யாரையும் சாக விட மாட்டேன்னு சொல்லுவா."

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அலமாரியில் வரிசையாக இருந்த மற்ற டிவிடிகளைப் பார்த்தார். சட்டென்று ஒரு பயம் வந்தது.

"அந்த ரயில்வே ஸ்டேஷன் படம் இருக்கே, அதுல கடைசியில என்ன ஆகும்?"

"அதுலயும் ஹீரோ செத்துடுவான் மாமா. ஏன், அக்கா உங்ககிட்ட என்ன சொன்னா?"

யோசித்தார். கரண்டியும் கையுமாக அவள் நின்றது தெரிந்தது. கண்ணை உருட்டியது தெரிந்தது. வாய் அசைந்ததும் தெரிந்தது. குரல் மட்டும் கேட்கவில்லை.

"மாமா? என்ன சொன்னா?"

"நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்மா" என்றார்.