சும்மா இருக்கச் சொல்கிறவர்

படுக்கை விரிப்பின் இரண்டு முனைகள் அவர் கையில். மற்ற இரண்டு எதிரே நிற்பவர் கையில். உதறி, இழுத்து, முனையோடு முனை சேர்க்க இருவரும் நெருங்கி வரும்போது காதருகே ஒரு வாக்கியம் விழும். "நானா இருந்தா கேட்டிருப்பேன். நீ கேக்காத." உடனே பின்வாங்கி அடுத்த விரிப்பை எடுப்பார், வாயே திறக்காதவர் மாதிரி.

விடுதிச் சலவைக்கூடத்தில் பதினாறு வருடமாகத் துணி மடிக்கிறார். பட்டப்பெயர் ஊதுகுழல். தீ வைக்க மாட்டார். கனன்றுகொண்டிருக்கும் இடம் பார்த்து ஊதுவார். இவர் 'பொறுத்துப் போ' என்று சொல்லித்தான் விடுதி ஓட்டுநர் தன் மாமனாரோடு பேச்சை முறித்துக்கொண்டார். தன் வீட்டுக் குழாய் ஒழுகினாலும், வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போவது பக்கத்துக் குடித்தனம்தான்.

ஆவியை வெளியே தள்ளும் ஃபேன் நின்று பதினொரு நாள். எதிரே மடிக்கும் பெண் சேர்ந்து நான்கு மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"வேர்க்குதாம்மா?"

"ஆமாண்ணே."

அடுத்த மடிப்பு. "மேனேஜர் ரூம்ல ஏசி ஜிலுஜிலுன்னு இருக்கு. அந்தப் பக்கம் போயிடாத."

அதற்கடுத்த மடிப்பு. "நேத்து மயங்கி விழுந்தவ உன் கூடப் பிறந்தவளா என்ன? உனக்கெதுக்கு வம்பு."

பதினெட்டாவது விரிப்பில் அவள் முனையை விட்டாள். நேரே போய் ஏசி அறையில் உட்கார்ந்தாள். ஃபேன் ஓடினால்தான் எழுவேன் என்றாள். கூடமே கதவருகே திரண்டது. இவர் கடைசியில், யாருடைய தோளுக்கோ பின்னால்.

மறுநாள் விசாரணை. மேசைமேல் அவளுடைய வேலைநீக்கக் கடிதம், கையெழுத்து மட்டும் பாக்கி. "தூண்டிவிட்டது யாருன்னு சொல்லு, உன்னை விட்டுடறேன்," என்றார் மேனேஜர்.

"யாருமில்ல சார்."

கூட மடிக்கிறவர் என்பதால் இவரையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். "இவர் உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"சொன்னார் சார். கேக்காதன்னார். போகாதன்னார். காலையிலேருந்து அதையேதான் சொன்னார்."

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும். நீங்க கிளம்புங்க."

ஊதுகுழல் கதவைத் திறந்தார். வராந்தா காலியாக இருந்தது.

"போங்கண்ணே," என்றாள் அவள், கடிதத்தைப் பார்த்தபடி. "உங்களுக்குப் புள்ளைங்க இருக்கு."

கதவைச் சாத்தினார். மூலையில் கிடந்த நாற்காலியைக் கரகரவென்று இழுத்துவந்து, அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.